சத்தத்துக்குக் காவல் இருப்பவள்

மகனின் கால் பெருவிரலைத்தான் முதலில் தொடுவாள் ரத்தினம்மா. தொட்ட விரலைச் சற்று நேரம் அப்படியே பிடித்திருப்பாள். பிறகு உள்ளங்காலை மெல்ல மெல்லத் தேய்ப்பாள். அவன் இமை அசைந்து, முகம் சுளித்து, புரண்டு படுத்த பிறகுதான் வாயைத் திறப்பாள். "கிருஷ்ணா... விடிஞ்சிருச்சுப்பா." அதையும் குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுகிறவள் மாதிரிதான் சொல்வாள். மீசை முளைத்து, புத்தகக் கடையில் சம்பளம் வாங்குகிற பிள்ளையை ஒரு தாய் இப்படி எழுப்புவதைப் பார்த்து கண்டி மகியாவ பகுதியில் அந்தச் சந்தே சிரித்து முடித்துவிட்டது.

"தொட்டில் ஒண்ணும் கட்டி விட்டுரு ரத்தினம்" என்பாள் எதிர்வீட்டு நல்லம்மா.

"கட்டுறேன். நீ வந்து ஆட்டு. பாட்டு மட்டும் பாடிராத. ஒங் கொரலுக்கு நல்லா இருக்கிற புள்ளையும் விழுந்துரும்."

அந்த ஓர் அறை வீட்டில் மணி அடிக்கிற கடிகாரம் கிடையாது. குக்கரை யாருக்கோ கொடுத்துவிட்டாள். எவர்சில்வர் தட்டுகள் கட்டிலுக்கடியில் மூட்டையாகக் கிடக்கின்றன. சாப்பிடுவது பிளாஸ்டிக் தட்டில். தட்டு கைதவறி விழுந்தாலும் பொத்தென்றுதான் விழ வேண்டும். கைபேசி மடித்த துவாய்மேல் கிடந்து, யாராவது கூப்பிட்டால் வண்டு மாதிரி முனகும். வீட்டுக்கு வருகிறவர்கள் கதவைத் தட்டக் கூடாது, நகத்தால் சுரண்ட வேண்டும். தீபாவளிக்கு முதல் வாரம் சந்தில் வீடு வீடாக ஏறி இறங்குவாள். வெடி வாங்கி வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு மத்தாப்பை நீட்டி, வெடியை வாங்கிப் போய்த் தண்ணீர் வாளியில் போடுவாள். அந்த வாரம் அவள் வாங்குகிற ஏச்சுக்குக் குறைவில்லை.

பாண் ரொட்டி விற்கிற ஓட்டோவை அவள் மறித்த காலையைச் சந்து இன்னும் பேசுகிறது. அலவத்துகொடையிலிருந்து வருகிற நஸீம், வளைவில் திரும்பும்போதே பாட்டைப் போட்டுவிடுவான். ரத்தினம்மா அவிழ்ந்த தலையைக்கூட முடியாமல் ஓடிப்போய் முன்சக்கரத்துக்கு நேரே நின்றாள்.

"தம்பி, இந்த வளைவுல பாட்ட நிப்பாட்டிட்டுப் போ."

"என்னக்கா செல்றீங்க? பாட்டு போடாட்டி பாண் வந்தது ஆருக்குத் தெரியும்? ஏவாரம் படுத்துருமே!"

"ஏவாரம் படுத்தா எந்திரிக்கும். எம்புள்ள படுத்தா எந்திரிக்க மாட்டான்."

நஸீம் அவள் முகத்தைப் பார்த்தான். பாட்டை நிறுத்தினான். அன்றிலிருந்து அந்த வளைவில் ஓட்டோ ஊமையாகத்தான் வருகிறது. பாண் போய்விட்டது தெரிந்து பெண்கள் பின்னால் ஓடுகிறார்கள். "ஒன்னால நாங்க தெருவுல ஓட வேண்டியிருக்கு" என்று கத்துகிறவர்களுக்கு ரத்தினம்மாவிடம் ஒரே பதில்தான்: "ஓடுங்க. ஒடம்பு எளைக்கும்."

கண்டிச் சந்தையில் அவளுக்குப் படிக்கட்டோரமாக ஒரு சாக்கு அகல இடம். வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், வாழைப்பூ எல்லாவற்றையும் தேங்காய்ப்பூ போட்டுக் கிளறும் மல்லுமுக்கென்று நூல் நூலாக அரிந்து பையில் போட்டு விற்பாள். சுற்றிலும் ஆளுக்கொரு குரலில் கூவுவார்கள், இவள் கூவுவதில்லை. அரிகிற கத்தி பேசினால் போதும் என்பாள். கொஞ்ச காலமாக விரல் நுனியெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது. படியேறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். "மாத்திர கால்ல ஒரு கல்லக் கட்டி விட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்த மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் விழுங்குகிறாள். மகன் விழுங்குகிற அதே மாத்திரை. வாழ்நாளில் ஒரு தடவைகூட மயங்கி விழாதவள் அவள்.

விழுந்தது கிருஷ்ணன். குட்ஷெட் பஸ் நிலையத்தில், முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. அவன் வெட்டிய வாழையாய்ச் சரிந்தான். வலிப்பென்று யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே கண் விழித்து, "ஏன் என்னச் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருத்தி. நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்த கடதாசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அதுவரை எந்த மருந்துக்காரனும் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"விழேக்குள்ள ஏதும் சத்தம் கேட்டதோ? உங்கட குடும்பத்தில வேற ஆரும் இப்பிடித் திடீரெண்டு செத்தவையோ?"

 புருஷன் சுந்தரலிங்கம்தான் சொன்னான்: "மூத்த மக, டொக்டர்."

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் ஏறிப் படுங்கோ. உங்களுக்கும் எடுத்துப் பாப்பம்."

டொக்டரம்மா சொன்னதை ரத்தினம்மா பிறகு சந்தைக்காரிகளுக்குத் தன் பாஷையில் சொன்னாள். "நெஞ்சு கரண்டுலதான் ஓடுதாம். ஒவ்வொரு அடி அடிச்சதும் மறுபடி கரண்டு ஏறணுமாம். எங்க குடும்பத்துல அது ஏற நேரம் புடிக்குது. இந்தச் சந்தைய மூடிக் கூட்டிக் கழுவி முடிக்கிறதுக்குள்ள மறுநாக் கூட்டம் உள்ள பூந்தா என்ன ஆகும்? ஒருத்தர ஒருத்தர் மிதிச்சுக்கிட்டுச் சாவாங்கள்ல? அதான். திடுக்குன்னு ஒரு சத்தம் கேட்டா நெஞ்சு அப்பிடித் தடுமாறிப் போயிருது."

மாத்திரை அந்தத் தடுமாற்றத்தைத் தடுக்கிறது. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. சாதாரணக் காய்ச்சலுக்கும் வாந்திக்கும் கொடுக்கிற மருந்துகளில் சில இந்த நெஞ்சுக்கு விஷம். ஆகையால் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும், "நான் நெஞ்சுக் கரண்டுக்காரி, பாத்துக் குடுங்க" என்று தொடங்குவாள். மாத்திரை போட்டும் விழுந்தால் தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்ன இயந்திரம் வைக்க வேண்டுமாம். மருந்து கேட்கிற நோய்தான். தெரியாமல் இருந்தால்தான் கொல்லும்.

இத்தனையும் சொல்லும்போது தடையில்லாமல் வரும். அடுத்ததைச் சொல்ல மாட்டாள். அன்றைக்கு டொக்டரம்மா மூன்று கடதாசிகளையும் மேசையில் பரப்பி வைத்ததும், "ஆருட்ட இருந்து வந்துச்சு?" என்று அவள்தான் முந்திக்கொண்டு கேட்டாள். கேட்கும்போது புருஷனைத்தான் பார்த்தாள். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அவன் தம்பியின் குடியையும் கைநடுக்கத்தையும் காட்டி, "ஒங்க வலிப்புக் குடும்பத்துல வந்து விழுந்தேனே" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். மூத்தவள் யசோதா செத்த அன்றைக்கும், பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதையே சொன்ன வாய்.

"உங்கட பக்கத்தாலதான் வந்திருக்கம்மா" என்றாள் டொக்டரம்மா.

"நான் ஒரு நாளும் விழலையே!"

"விழாதவையும் குடுப்பினம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரவும் ஏலும், வராமல் போகவும் ஏலும். உங்கட சகோதரங்கள் இருக்கினமோ? அவையின்ர பிள்ளையளையும் கட்டாயம் கூட்டிவாங்கோ."

வெளியே வந்ததும் சுந்தரலிங்கம் கடையில் ஒரு பிளேன்டீயும் வடையும் வாங்கி அவள் கையில் கொடுத்தான். "ஒரு வார்த்த ஏசியிருந்தா வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன்" என்று இன்றைக்கும் தனக்குள் சொல்லிக்கொள்வாள். "அந்த வடைதான் தொண்டைய விட்டு எறங்கல."

அதன்பிறகு அவளுக்குத் தன் குடும்பத்துச் சாவுகளெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அப்பா, தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் சங்கு ஊதிய நேரம் வாசலில் விழுந்தார். முனி அடித்தது என்றார்கள். அத்தை ஒருத்தி, தப்பு மேளச் சத்தத்தில் விழுந்தாள், கண்ணேறு என்றார்கள். அடுத்தது யசோதா.

பள்ளிக்கூட மணிக்கு விழுந்தாள். இடிக்கு விழுந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் வலிப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் கோயில் திருவிழாவன்று தப்பு முழங்கியதும் விழுந்தபோது ரத்தினம்மாவின் தம்பி கறுப்பையா கையெடுத்துக் கும்பிட்டான். அவன் தேயிலைக் கொழுந்து நிறுக்கிறவன். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தோட்டத்துக் கோடாங்கி, உடுக்கடித்துக் குறி சொல்கிறவன். "அக்கா, இது வலிப்பில்ல. மாரியாத்தா எறங்குறா. கேட்டுப் பாத்துருவோம்" என்றான். மருமகள்மேல் அவனுக்கு உயிர். வேப்பிலையைக் கையில் கொடுத்து உட்கார வைத்து, அவள் காதோரம் உடுக்கை முழக்கினான். பெண் சரிந்தாள். "வந்துட்டா! ஆத்தா வந்துட்டா! விழாமப் புடி அக்கா!" ரத்தினம்மா மகளின் தோளிரண்டையும் பிடித்து நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். "பேசு ஆத்தா, பேசு" என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உதடு நீலம் பாரித்ததைக் கடைசியில் பார்த்தது தண்ணீர் கொண்டுவந்த ஒருத்தி.

கோயிலுக்குப் பின்னால் இப்போது ஒரு கல் இருக்கிறது. மஞ்சள் துணி சுற்றி, பொட்டு வைத்த கல். கன்னியாக ஆத்தாளிடம் போய்ச் சேர்ந்த யசோதாம்மா. தோட்டத்து லயக்குடியிருப்புப் பெண்கள் பிள்ளைவரம் கேட்டு வளையல் கட்டுகிறார்கள். ரத்தினம்மாவும் வருஷா வருஷம் பாவாடை எடுத்துப்போய்ச் சாத்தினாள். டொக்டரம்மாவின் மேசையில் அந்தக் கடதாசிகளைப் பார்த்த பிறகு போகவில்லை. தம்பிக்கு விஷயத்தைச் சொல்லி, நெஞ்சைக் காட்ட வரச் சொன்னாள். அவன் வரவில்லை. சொல்லச் சொல்ல, பேச்சும் குறைந்தது.

பங்குனியில் ஒரு நாள் சந்தைக்குள் அவள் மடியில் கைபேசி முனகியது. கறுப்பையா. குரல் குழைந்திருந்தது.

"அக்கா, ஒம்மக எறங்குறா. எம்மக பாலாம்பிகை மேல. பள்ளிக்கூடத்துல மணி அடிச்சதும் எறங்கிட்டா. திருவிழாவுல உடுக்கடிச்சுப் பேச வைக்கப் போறேன். வந்து கேட்டுக்க. என்ன கேக்கணுமோ கேட்டுக்க."

அரிந்துகொண்டிருந்த வாழைப்பூவை அப்படியே போட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

லயத்து வாசலில் தம்பி சிரித்த முகத்தோடு நின்றான். "சொன்னா நம்ப மாட்டக்கா. அவ சிரிக்கிற மாதிரியே சிரிக்கிறா."

ரத்தினம்மா அவனைத் தாண்டி உள்ளே போனாள். உள்ளே பாலாம்பிகை தலை பின்னிக்கொண்டிருந்தாள். பதினான்கு வயது, மெலிந்த கழுத்து. "வாங்கத்த" என்று சிரித்தாள். மகளின் சிரிப்பேதான். குடும்பத்துச் சிரிப்பு. சிரிப்பு வந்த வழியில் வேறு என்னவெல்லாம் வந்திருக்கிறதோ என்று நினைத்ததும் ரத்தினம்மா தம்பி பக்கம் திரும்பினாள்.

"கறுப்பா, மணிச் சத்தத்துக்கு விழுகிற புள்ள காதுல உடுக்க அடிக்கப் போறியா? மறுபடியும்?"

"விழல. எறங்குனா."

"எம்மகளும் எறங்கத்தான் செஞ்சா. ஏறவே இல்லையே."

கறுப்பையாவின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப நாந்தான் கொன்னேங்கிற."

"நீ அடிச்ச. நான் தோளப் புடிச்சிருந்தேன். ரெண்டு பேருந்தான்."

"நீ வேணும்னா அப்பிடி இருந்துக்க. ஒனக்குத் தைரியம் இருக்கு. என்னால முடியாதுக்கா. அத ஒத்துக்கிட்டு நான் எப்பிடிச் சோத்துல கைய வைக்கிறது? இந்தச் சனத்து முகத்துல எப்பிடி முழிக்கிறது?" அவன் கத்தவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள்.

மலையூற்றுப் பீலியில் தண்ணீர் விழுகிற இடத்தில் தம்பி பெண்டாட்டி பாப்பம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, எனக்கு இருக்கிறது ஒத்தப் புள்ள."

"அப்பச் சொல்லாமக் கொள்ளாம என்கூட பஸ் ஏத்தி விடு."

"ஏத்துறேன். அப்புறம்? ஒரு நாள்ல முடியிற காரியமா மதினி? மாசா மாசம் கிளினிக்குக்கு வரணும், தெனந்தெனம் மாத்திர குடுக்கணும். அவரு மனசு வைக்காம இந்த வீட்டுக்குள்ள நடக்குமா? மொத மாத்திரையையே அடுப்புல போட்டுருவாரு." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். "தாயே கும்புட வரல, அது என்ன சாமின்னு லயத்துல பேசுறாங்க. அவரு உள்ளுக்குள்ள அரிச்சுப் போயிருக்காரு. ஒங்க வாயில இருந்து ஒரு சொல்லுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."

அந்தச் சொல் என்னவென்று கறுப்பையாவே வாசலில் வைத்துச் சொன்னான். திருவிழாவுக்கு முந்தின நாள், லயத்துச் சனத்தின் முன்னால், யசோதாவின் கல்லுக்கு எதிரே அக்கா சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஆத்தாதான் பெண்ணை எடுத்துக்கொண்டாள், உடுக்கில் குற்றமில்லை என்று. "பண்ணிரு. அன்னைக்கே பாலாவ எந்த ஆசுபத்திரிக்கு வேணும்னாலும் கூட்டிட்டுப் போ. எந்த மாத்திரையும் குடு, நான் தடுக்க மாட்டேன். உடுக்கையும் அவ கிட்டக் கொண்டுபோக மாட்டேன்."

வீட்டுக்கு வந்து சுந்தரலிங்கத்திடம் சொன்னாள்.

"சூடத்துல பொய்ச் சத்தியமா?"

"ஆமா."

"நம்ம புள்ள பேர்ல?"

"செத்த புள்ள பேர்ல. இருக்கிற புள்ளைக்காக." சொல்லிவிட்டு ரத்தினம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவ எப்பிடிச் செத்தான்னு சொல்றதுக்கு உலகத்துல நான் ஒருத்திதான் இருந்தேன். இனி அதுவும் இல்ல."

அந்த வாரம் அவள் அரிந்த கீரை தடிப்பாக இருந்தது. வழக்கமாக வாங்குகிற சிங்கள நோனா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்னவென்று விசாரித்தாள். ரத்தினம்மா கத்தியைக் குறை சொன்னாள்.

சொன்ன நாளில் கோயிலுக்குப் பின்னால் லயமே திரண்டு நின்றது. பாப்பம்மா மகளுக்குத் தலை வாரி, சப்பாத்துப் போட்டு, துணிப்பையோடு கூட்டி வந்திருந்தாள். கல்லுக்குப் புது மஞ்சள் துணி. காலடியில் வெற்றிலை வைத்து அதன்மேல் கறுப்பையா சூடத்தை ஏற்றினான். யாரோ மணியை எடுக்கப் போக, அவனே கையைக் காட்டி அடக்கினான். ரத்தினம்மா அதைப் பார்த்தாள். மணி கூடாதென்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் தன் எதிரே நிற்கிறான்.

"சொல்லுக்கா."

"எம்மக யசோதா சாகல." சளியைச் செருமிக்கொண்டு உரக்கவே சொன்னாள். "மாரியாத்தா எடுத்துக்கிட்டா. உடுக்கால ஒண்ணும் ஆகல. எந் தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல. இது சத்தியம்."

வலது உள்ளங்கையைச் சூடத்தின்மேல் அடித்தாள். தீ அணைந்தது. கையை உடனே எடுக்கவில்லை.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கறுப்பையா தேம்பித் தேம்பி அழுதான், பெரும்பாரம் இறங்கிய மனிதனாக. "போதும்க்கா. எனக்கு இது போதும்" என்று திருநீற்றுத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் வந்து குனிந்து நின்றான். லயமே பார்த்துக்கொண்டிருந்தது.

ரத்தினம்மா கரி படிந்த வலது கையால் பாலாம்பிகையின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தம்பியின் கண்ணை நேராகப் பார்த்தபடி, திருநீற்றுக்கு இடது கையை நீட்டினாள்.